கலர், மூடி, கூப்பன்: நீலகிரிப் பிள்ளைகளின் பழைய பானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே மளிகைக் கடை இருந்தது. 1980-களில் அந்தக் கடைக்கு வந்துபோன கலர் (கேஸ் அடைத்த குளிர்பானத்தை அப்படித்தான் சொல்வோம்) பாட்டில்களின் மூடிகள், ரஸ்னா அட்டைப்பெட்டிகள், பரிசுக் கூப்பன்கள் எல்லாம் இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று யார் வந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்ததைப் பதிலாகத் தந்திருக்கிறேன்.

கோல்ட் ஸ்பாட், கோல்ட் ஸ்பாட்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருக்காரு. அது என்ன, ஃபேன்டா மாதிரியா?

ஆமாம், ஆரஞ்சு நிறத்தில், ஆரஞ்சு வாசனையோடு, கேஸ் அடைத்து வந்த கலர். பம்பாயின் பார்லே கம்பெனி தயாரித்தது. கண்ணாடி பாட்டிலில் வரும். குடித்து முடித்ததும் பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போனால் பாட்டிலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். குடித்த பிறகு நாக்கு ஆரஞ்சு நிறமாகிவிடும், அதை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டுவோம்.

1977-இல் கோகோ-கோலா இந்தியாவை விட்டுப் போனது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி இந்தியக் கிளையில் தன் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னதை அது ஏற்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியவை தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், காம்பா கோலா போன்ற நம் நாட்டுப் பானங்கள். அரசே டபுள் செவன் என்று ஒரு கோலாவை விட்டது. பெயர் அந்த 77-ஆம் ஆண்டிலிருந்து வந்தது. எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்குக் கோலா என்றாலே இந்தப் பெயர்கள்தான்.

ஊட்டி குளிர்ல யாருங்க கலர் குடிப்பா? டீ தானே குடிப்பாங்க?

டீதான். ஆனால் சித்திரை வந்துவிட்டால் கதை வேறு. ஏப்ரல், மே சீசனில் மலர்க் கண்காட்சிக்கும் பூங்காவுக்கும் கீழேயிருந்து கூட்டம் வரும். அவர்களுக்காகக் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கலர் இறங்கும். குன்னூரில் தந்தி மாரியம்மன் கோயில் திருவிழாவும் அதே சமயத்தில்தான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் கலர் கிடைக்கும் நாட்கள் அவைதான். அப்புறம் கல்யாண வீடு, காதுகுத்து, விருந்தாளி வருகிற நாள்.

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் கலர் கேட்டால் வீட்டில் அடி விழும். சளி பிடிக்கும் என்கிற பயம் அம்மாக்களுக்கு. ஃப்ரிட்ஜும் தேவைப்படாது: அலமாரியிலிருந்து எடுத்த பாட்டிலே பல் கூசும். அரிதாகக் கிடைத்ததால்தான் மலைப் பிள்ளைகளுக்கு அதன் மேல் அத்தனை ஆசை என்று நான் நினைக்கிறேன். சமவெளியில் வளர்ந்தவர்கள் வெயிலுக்காகக் குடித்தார்கள். எங்களுக்கு அது திருவிழாவின் ஒரு பகுதி.

ரஸ்னாவும் கலரா? அது பாக்கெட்தானே?

ரஸ்னா வீட்டில் கலக்கும் பானம், கேஸ் கிடையாது. அகமதாபாத்தின் பியோமா இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பு. அதை நாடு முழுவதும் கொண்டுபோனவர் அரீஸ் கம்பட்டா. 2022 நவம்பரில் காலமானார்; மறுவருஷம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு சமாச்சாரம் இருக்கும்: ஒரு குட்டி பாட்டிலில் வாசனையும் நிறமும் கொண்ட திரவம், ஒரு சின்ன உறையில் புளிப்புப் பொடி. சர்க்கரையும் தண்ணீரும் நம்முடையவை. முதலில் பாகு காய்ச்சி ஆறவைத்து, அதில் இரண்டையும் கலந்து, பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டும். மலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருப்பதால் சர்க்கரை லேசில் கரையாது. சூடு பண்ணாமல் அவசரமாகக் கலக்கியவர்களுக்கு அடியில் சர்க்கரை மண்டி நிற்கும், மேலே புளிப்பு மட்டும் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து வரும் சித்திமார்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

ஐந்து ரூபாய்க்கு 32 கிளாஸ்னு விளம்பரத்துல வருமே, நிஜமாவே 32 வந்துச்சா?

வரும், கிளாஸ் சின்னதாக இருந்தால். சாப்பாட்டு மேசையில் வைக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் வராது. எங்கள் வீட்டில் அம்மா காபி டம்ளரில் முக்கால் அளவு ஊற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் சமாளித்துவிடுவார்.

ஐந்து ரூபாய் என்பது பெட்டியின் விலை மட்டும். உண்மையான செலவு சர்க்கரையில் இருந்தது. ரேஷன் சர்க்கரை வந்த வாரத்தில்தான் பல வீடுகளில் ரஸ்னா கலக்கப்பட்டது. இருந்தாலும் ஒரு கலர் பாட்டிலை மூன்று பேர் பங்கு போட்ட வீட்டில், ஆளுக்கு இரண்டு டம்ளர் கிடைத்தது என்றால் அது ரஸ்னாவால்தான். நடுத்தர வீட்டுப் பிறந்தநாளுக்கு அது செய்த உபகாரம் பெரிது.

காலா கட்டானு ஒரு ரஸ்னா இருந்துச்சே, கறுப்பா, உப்பா... அது என்ன ஃப்ளேவர்?

இது அதிகம் பேர் கேட்கும் கேள்வி. அது நாவல்பழச் சுவை. பம்பாய்ப் பக்கம் ஐஸைச் சீவி உருண்டை பிடித்து மேலே ஊற்றிக் கொடுக்கும் பாகின் ருசி. புளிப்போடு கறுப்பு உப்பும் மசாலா வாசனையும் சேர்ந்திருக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ருசிதான். இங்கே பெட்டிப் படத்தைப் பார்த்துத் திராட்சை என்று நினைத்து வாங்கியவர்களுக்கு முதல் வாயிலேயே முகம் சுளிக்கும். கடையில் எங்களிடம் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, கெட்டுப்போயிருக்கிறது என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

என் கருத்தில் அத்தனை ஃப்ளேவரிலும் சிறந்தது அதுதான். நீலகிரிப் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருந்திருக்கவே கூடாது. காட்டோரம் விக்கிப்பழம் பறித்துத் தின்று வாயைக் கறுப்பாக்கிக்கொண்டவர்கள் நாம். அதுவும் நாவல் இனம்தான். அந்தத் துவர்ப்பும் புளிப்பும் தெரிந்த நாக்குக்குக் காலா கட்டா இரண்டாவது டம்ளரில் பிடித்துவிடும். ஏலக்காயும் குங்குமப்பூவும் கலந்த கேசர் இலாய்ச்சி இன்னொரு விசித்திரம்: அதைப் பாலில் கலந்தால் பாயசம் மாதிரி இருக்கும், தண்ணீரில் கலந்தால் எனக்கு இறங்காது.

பைனாப்பிள் ரஸ்னாவுல அன்னாசியே கிடையாதாமே?

பழத்தைப் பிழிந்து அடைத்த சாறு அல்ல அது. வாசனை எசென்ஸிலிருந்து வந்தது, புளிப்பு சிட்ரிக் அமிலத்திலிருந்து, நிறம் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களிலிருந்து. அந்தக் காலத்து ஆரஞ்சுக் கலர்களும் இப்படித்தான். அதனால்தான் நிஜ ஆரஞ்சைச் சாப்பிட்டுவிட்டு “கோல்ட் ஸ்பாட் மாதிரி இல்லையே” என்று பிள்ளைகள் குறைப்பட்டார்கள்.

ஊட்டில குடிச்சா கலர்ல கேஸ் ஜாஸ்தியா இருக்குமே, அது என் பிரமையா?

பிரமை இல்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கீழே அடைத்த பாட்டிலை மேலே கொண்டுவந்து திறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் கூடுதல். சத்தமும் பலமாக வரும், நுரையும் எழும்பும்.

கூடவே குளிர். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கேஸ் அதில் நன்றாகக் கரைந்து நிற்கும், சீக்கிரம் வெளியேறாது. அதனால் கடைசி வாய் வரைக்கும் மூக்கில் ஏறும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பாட்டிலைப் பையில் போட்டு, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் குலுங்கி வந்து, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் திறந்தவர்கள் சட்டையை நனைத்துக்கொண்டதற்கு இந்தக் காரணத்தோடு குலுக்கலும் சேரும்.

பொவண்டோ திராட்சை ஜூஸா? அது வெளிநாட்டுக் கம்பெனியா?

இரண்டும் இல்லை. அதைத் தயாரிக்கும் காளிமார்க் நம் ஊர்க் கம்பெனி. 1916-இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கியது. பொவண்டோவில் திராட்சை சாயல் அடிக்கும், ஆனால் அது கேஸ் அடைத்த பானம்தான். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் மாதம் முதல் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் கோலாக்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது அதற்குத் திடீரென்று பெரிய கிராக்கி வந்தது. இன்றும் கிடைக்கிறது, ருசியும் நன்றாகவே இருக்கிறது.

எங்க பாட்டி நெக்டோ, நெக்டோனு சொல்வாங்க. கூடலூர்ல அப்படி ஒரு கலர் வித்துச்சா?

கூடலூரில் விற்றதில்லை. பாட்டி இலங்கையிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய பல குடும்பங்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கமெல்லாம் அவர்கள் இருக்கிறார்கள். நெக்டோ என்பது இலங்கையின் எலிபன்ட் ஹவுஸ் கம்பெனியின் சிவப்புக் கலர். அவர்களுடைய கிரீம் சோடா பச்சையாக இருக்கும். காரமான இஞ்சி பியரும் உண்டு.

எங்கள் கடைக்கு வரும் அந்த வீட்டுப் பெரியவர்கள் கோல்ட் ஸ்பாட்டைக் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்கத்த கிரீம் சோடா மாதிரி வராது” என்பார்கள். தோட்டத்தையும் பிறந்த வீட்டையும் விட்டு வந்தவர்கள் கடையில் நின்று ஒரு கலரைப் பற்றி மட்டும் பேசுவார்கள். வேறு எதைப் பற்றியும் பேசிக் கேட்டதில்லை. எலிபன்ட் ஹவுஸ் பானங்களை இந்தியாவில் விற்க 2024-இல் ரிலையன்ஸ் ஒப்பந்தம் போட்டது. பாட்டி இருந்தால் கண்ணில் பட்டவுடன் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மூடிக்குள்ள படம் இருக்கும்னு சொல்றீங்களே, எங்க இருக்கும்? மூடி தகரம்தானே?

வெளியே தகரம், உள்ளே பாட்டில் வாயோடு ஒட்டி அடைக்க ஒரு மெல்லிய வட்டம் இருக்கும். அதை உரித்தால் அடியில் படம். கோல்ட் ஸ்பாட் எண்பதுகளில் ஜங்கிள் புக் பாத்திரங்களை இப்படிப் போட்டது: மௌக்லி, பாலு, பகீரா, ஷேர் கான். தம்ஸ் அப்புக்குக் கிரிக்கெட்: வேகமாகப் புரட்டினால் ஆட்டக்காரர் பந்தை அடிப்பது போல ஓடும் குட்டிப் புத்தகங்கள் வந்தன.

மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பில் 21 பல் இருக்கும், உலகத்தில் எங்கே வாங்கினாலும் அதே எண்ணிக்கை. நாங்கள் காம்பஸ் முள்ளை உள்வட்டத்தின் ஓரத்தில் செருகி, மெதுவாக ஒரு சுற்று வந்து, பிறகு நகத்தால் தூக்குவோம். நடுவில் குத்தினால் படம் கீறிவிடும். ஓப்பனர் நெளித்த மூடிக்கு மரியாதை குறைவு. அதனால் தெரிந்த பிள்ளைகள் வந்தால் மூடி மடங்காமல் இருக்க, மேலே ஒரு நாலணாவை வைத்து அப்பா திறந்து கொடுப்பார். ஓப்பனருக்குக் கீழே கட்டியிருந்த டப்பாவில் நாள் முழுக்க விழும் மூடிகளை மாலையில் கொட்டிப் பொறுக்குவதற்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் நிற்பார்கள். குடிக்கக் காசில்லாதவர்களுக்கும் இந்த ஆட்டத்தில் இடம் இருந்தது, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

எந்தப் படம் அபூர்வம்?

ஊருக்கு ஊர் மாறும். நம் ஊருக்கு வந்த லாரியில் எது குறைவோ அதுதான் அபூர்வம். சீசனில் கோயம்புத்தூர்ச் சொந்தங்கள் வரும்போது அவர்கள் பையில் இருப்பதும் எங்களிடம் இருப்பதும் வேறாக இருக்கும். பாதி விடுமுறை அந்தப் பண்டமாற்றிலேயே போய்விடும்.

தபால்ல பரிசு அனுப்புவாங்களாமே, அது எப்படி? காசு கட்டணுமா?

மூடிப் பரிசுகள் பெரும்பாலும் கடை, ஏஜென்ட் வழியாக முடிந்துவிடும். தபால் சமாச்சாரம் பானப் பொடிகளுக்கும் சத்துமாவு டப்பாக்களுக்கும் உரியது. டப்பாவின் மூடிக் காகிதத்தையோ அட்டையில் அச்சிட்ட முக்கோணத்தையோ வெட்டி, சொன்ன எண்ணிக்கை சேர்த்து, பம்பாயிலோ டெல்லியிலோ இருக்கும் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்ப வேண்டும். சிலவற்றுக்குச் சுயவிலாசமிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் வைக்க வேண்டும். இன்னும் சிலவற்றுக்கு மணியார்டர் அனுப்பச் சொல்வார்கள், அல்லது பரிசு வி.பி.பி.யில் வரும், காசு கட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கர், கோப்பை, குட்டிப் புத்தகம், பொறுக்கியெடுத்த பொது அறிவுக் கேள்விகள், இப்படித்தான் பரிசுகள்.

இலவசம் என்று எழுதியிருக்கும், ஆனால் தபால் செலவையும் டப்பா விலையையும் கூட்டினால் பரிசின் விலையைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு அது தெரியும். இருந்தும் கணக்குப் பார்க்காமல் ஸ்டாம்ப் வாங்கிக் கொடுத்தார்கள். தன் பெயருக்கு ஒரு தபால் வருவது அந்த வயதில் வேறெந்த வழியிலும் நடக்காது.

எஸ்டேட் லயன்ல இருந்தவங்களுக்குப் பரிசு வந்து சேர்ந்துச்சா?

வந்தது, சுற்றி வந்தது. எஸ்டேட்டுக்கு வரும் தபாலை டவுன் போஸ்ட் ஆபீஸிலிருந்து தப்பால் பையில் (எஸ்டேட்டில் தபாலுக்கு அதுதான் பேர்) போட்டு ஒருவர் எடுத்துவருவார். ஆபீஸில் பிரித்து, காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு, நடக்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பிள்ளை பெயரில் வந்தது அப்பா கைக்குப் போய், சாயங்காலம் வேலை முடிந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயனுக்கு வரும். காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு பகல் மாதக்கணக்கு.

கூப்பனில் விலாசம் எழுத இரண்டு கோடுதான் விட்டிருப்பார்கள். லயன் நம்பர், டிவிஷன், எஸ்டேட் பெயர், போஸ்ட், தாலுகா, மாவட்டம் எல்லாம் அதில் எங்கே அடங்கும்? 1972-இல் பின்கோடு வந்திருந்ததால் ஊரையாவது கண்டுபிடித்துவிடலாம்: குன்னூருக்கு 643101, ஊட்டிக்கு 643001. மீதியைத் தப்பால்காரர் தன் ஞாபகத்தில் வைத்திருந்தார். எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வந்த பிளாஸ்டிக் கோப்பை கீறலோடு வந்தது. அனுப்பிய கம்பெனிக்குக் கடிதம் போட்டும் பதில் இல்லை. அவள் அப்பா உள்பக்கம் மெழுகு உருக்கி அடைத்து, பென்சில் வைக்கக் கொடுத்தார். அவள் அந்தக் கோப்பையைப் பத்தாவது முடிக்கும் வரை பள்ளிக்குக் கொண்டுவந்தாள்.

“தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது”னு சின்னதா போட்டிருப்பாங்களே, நம்மள மட்டும் ஏன் ஒதுக்கினாங்க?

கம்பெனிகள் ஒதுக்கவில்லை, காரணம் ஒரு சட்டம். 1979-இல் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது. பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கல் மாதிரியான முறையில் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கும் திட்டங்கள் தமிழ்நாட்டில் கூடாது என்பது அதன் சாரம். தனியாகக் கட்டணம் வாங்காவிட்டாலும் தடை பொருந்தும். பரிசு ஆசையில் தேவையில்லாததை மக்கள் வாங்கக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்றும் அது இருப்பதால்தான் விளம்பரங்களின் அடியில் அந்த வரியைப் பார்க்கிறீர்கள்.

சட்டத்தின் நோக்கம் சரி என்றே நினைக்கிறேன். எனக்குக் கோபம் அந்த வரியின் எழுத்தளவு மேல்தான். சைக்கிள் படம் பெட்டி முழுக்க இருக்கும், நமக்குக் கிடையாது என்பது மட்டும் எறும்பளவு இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். தமிழ் மீடியம் படித்த எஸ்டேட் பிள்ளை அதை எப்படி வாசிக்கும்? டப்பா டப்பாவாகச் சேர்த்து அனுப்பிவிட்டு வருஷம் முழுக்கக் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சிறுவர்களுக்கான பரிசு என்றால், யாருக்குப் பொருந்தாது என்பதைப் படத்துக்குப் பக்கத்தில், அவர்கள் மொழியில் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும்.

அப்படின்னா மூடிப் படத்துக்கும் புத்தகத்துக்கும் மட்டும் எப்படி விட்டாங்க?

முந்தின பதிலில் சொன்னது குலுக்கல் பரிசு. இத்தனை மூடி கொடுத்தால் எல்லோருக்கும் ஒரு புத்தகம் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை; சேர்த்தவர் எவரானாலும் உண்டு. ஒரே பெட்டியில் இரண்டும் இருந்ததும் உண்டு: உறுதிப் பரிசு எல்லோருக்கும், பம்பர் பரிசு தமிழ்நாடு நீங்கலாக. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

கூடலூர்க்காரங்க கேரளா அட்ரஸ் போட்டு அனுப்பினாங்கனு கேள்விப்பட்டேன், உண்மையா?

சுல்தான் பத்தேரி, கல்பற்றா பக்கம் மாமன், அத்தை வீடு இருந்தவர்கள் அனுப்பினார்கள். எல்லை தாண்டினால் அந்த வரி பொருந்தாது, கேரளாவில் 1967 முதலே அரசு லாட்டரி நடக்கிறது. ஆனால் பரிசு விழுந்து சைக்கிள் வந்ததாகச் சொன்ன எவரும் அந்தச் சைக்கிளை எனக்குக் காட்டியதில்லை.

இவ்வளவு ஓடின கோல்ட் ஸ்பாட்டை ஏன் நிறுத்தினாங்க?

1993-இல் கோகோ-கோலா திரும்பி வந்தபோது பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், சிட்ரா, மாஸா எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியது. அவர்களிடம் ஏற்கெனவே ஃபேன்டா என்ற ஆரஞ்சு இருந்தது. ஒரு கடையில் இரண்டு ஆரஞ்சு எதற்கு என்று கோல்ட் ஸ்பாட்டை மெதுவாக விலக்கிக்கொண்டார்கள். சிட்ராவுக்கும் அதே கதி. தம்ஸ் அப் விற்பனையில் அசைக்க முடியாத இடத்தில் இருந்ததால் பிழைத்தது.

இப்ப எந்த ஆரஞ்சு குடிச்சாலும் அந்த டேஸ்ட் வரலையே. நாக்கு மாறிடுச்சா, பானம் மாறிடுச்சா?

இரண்டும். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். அது பரவி நிற்க, புரோமின் சேர்த்த தாவர எண்ணெயை அந்தக் காலத்தில் கலந்தார்கள். உடம்புக்கு நல்லதல்ல என்று 1990-இல் இந்தியாவில் அதற்குத் தடை வந்தது. அதைப் பயன்படுத்திய பானங்கள் எல்லாம் செய்முறையை மாற்ற வேண்டி வந்தது. பாட்டிலும் கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது. பிளாஸ்டிக்கில் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கண்ணாடியில் அப்படியே நிற்கும்.

கடைசியாக, வருஷத்துக்கு நாலு தடவை குடித்ததையும், நினைத்தபோது வாங்கிக் குடிப்பதையும் நாக்கு ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளாது. குளிர் பற்றிய கேள்வியில் சொன்னதுதான்.

சரி, பழசுல எதெல்லாம் இப்பவும் கிடைக்கும்?

ரஸ்னா, பொவண்டோ, தம்ஸ் அப், லிம்கா கிடைக்கின்றன. காம்பா பெயரை ரிலையன்ஸ் 2022-இல் வாங்கி மறுவருஷம் மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. கோல்ட் ஸ்பாட் கிடையாது.

கீழேயிருந்து வாங்கிக்கொண்டு வருபவர்கள் கவனிக்கவும்: நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, சோதனைச்சாவடியில் எடுத்துவிடுவார்கள். கண்ணாடி பாட்டிலாகக் கேட்டு வாங்குங்கள். காட்டோரம் கிடக்கும் பிளாஸ்டிக்கை யானையும் கடமானும் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி பெரிதாகத் தெரியாது.

பிள்ளைங்களுக்கு அந்த மாதிரி வீட்டுலயே செஞ்சு கொடுக்கலாமா?

கோல்ட் ஸ்பாட் வராது, அதைவிட நல்லது வரும். மே, ஜூனில் நம் ஊர் பிளம்ஸ் மலிவாக வரும்போது ஒரு கிலோ வாங்கிக் கொட்டை நீக்கி, அரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து வடிகட்டுங்கள். முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் கருஞ்சிவப்புப் பாகு. ஒரு பங்கு பாகுக்கு நாலு பங்கு சோடா, ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு. காலா கட்டாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தாட்பூட் பழத்திலும் (பேஷன் ஃப்ரூட்) செய்யலாம், விதையை வடிகட்டினால் போதும். செய்ய நேரமில்லாதவர்கள் குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம் பழவியல் நிலையத்தில் ஸ்குவாஷ் கேட்டுப் பாருங்கள்.

அம்மா பீரோவுல பழைய கூப்பன் கட்டு கிடைச்சுது. இப்ப அனுப்பினா ஏதாவது வருமா? விலைக்குப் போகுமா?

பரிசு வராது. கூப்பனில் கடைசித் தேதி இருக்கும், அந்தத் தபால் பெட்டி எண்ணும் இப்போது வேறு யாருக்காவது போயிருக்கும். சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், ஆனால் படம் தெளிவாகவும் துருப்பிடிக்காமலும் இருக்கும் மூடிக்கும், முழுப் பெட்டிக்கும்தான் மதிப்பு. வெட்டியெடுத்த கூப்பனுக்குப் பெரிய விலை இல்லை. ஆன்லைனில் “ஒரிஜினல் கோல்ட் ஸ்பாட் மூடி” என்று பளபளப்பாகக் காட்டுவதை நம்பி வாங்காதீர்கள். பாட்டிலில் அடித்துத் திறந்த மூடியில் ஓப்பனர் தடம் ஒரு பக்கமாவது இருக்கும், அது இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் விற்காதீர்கள். கூப்பன்களின் பின்பக்கத்தைப் பாருங்கள், அம்மாவின் கையெழுத்தில் விலாசம் இருக்கலாம்.

இந்த ஈரத்துல மூடியும் காகிதமும் கெடாம எப்படி வச்சிருக்கீங்க?

மூடிகளைக் கழுவாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டுப் பற்களில் மட்டும் தடவுங்கள். உள்பக்கப் படத்தில் பட்டால் மங்கிவிடும். துரு முதலில் பற்களின் வெட்டு விளிம்பில்தான் பிடிக்கும். காகிதங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் வெள்ளைத்தாள் வைத்து எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள், கூடவே மருந்து பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நாலைந்து. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து நல்ல வெயில் அடிக்கும் ஒரு தை மாதக் காலையில் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் பரப்பி, மதியத்துக்குள் திரும்ப அடுக்கிவிடுங்கள்.